உரித்த பின்னும் போகாத ஸ்டிக்கர்

சுங்கச்சாவடிக்காகக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை ஒருநாள் மாற்ற வேண்டி வருகிறது. வங்கி மாறியிருக்கலாம், பழையது பழுதாகியிருக்கலாம், வண்டியே கைமாறியிருக்கலாம். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தால் பாதி வருகிறது. மீதி கிழிந்து கண்ணாடியிலேயே தங்குகிறது. அதைச் சுரண்டினால் அடியில் பிசுபிசுவென்று ஒரு படலம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அசையவில்லை, சோப்பு போட்டால் தூசிதான் போகிறது, பசை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடைசியில் யாரோ தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். தடவிச் சற்று நேரம் விட்டால் அந்தப் பிடிவாதமான பசை விரலோடு உருண்டு வந்துவிடுகிறது. எல்லா அழுக்கையும் போக்கும் தண்ணீர் தோற்ற இடத்தில், தானே ஒரு கறையான எண்ணெய் எப்படி வென்றது? கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி ஒட்டியதைக் கழற்ற மட்டும் ஏன் ஒரு மதியம் முழுதும் ஆகிறது?

பசை கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே அந்தப் பிடியை உடைக்க வேண்டும் என்றே பெரும்பாலும் நினைக்கிறோம். அதனால்தான் கை முதலில் பிளேடைத் தேடுகிறது. ஆனால் உரிக்கும்போது நாம் செலவழிக்கும் உழைப்பில் மிகச் சிறிய பங்கே அந்தப் பிடியை விடுவிக்கப் போகிறது. மற்றதெல்லாம் பசையின் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டால் எங்கே வலுவைக் காட்ட வேண்டும், எங்கே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

காயாத பசை

சுவரொட்டிக்குத் தடவும் மைதாப் பசையும் மர வேலைக்கான வெள்ளைப் பசையும் ஈரமாகப் பூசப்பட்டு, காய்ந்து, கெட்டியாகிப் பிடிக்கின்றன. ஸ்டிக்கரின் பசை காய்வதே இல்லை. ஆண்டுக்கணக்கில் பாதி திடமாகவும் பாதி திரவமாகவுமே இருக்கிறது. சற்று அழுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதை அழுத்த ஒட்டுப்பசை என்று அழைப்போம். இந்த வகைப் பசை பரவியதில் கார்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் இரண்டு நிறம் பூசிய கார்கள் மோகமாக இருந்த காலத்தில், நிறங்கள் சந்திக்கும் கோட்டை மறைக்கப் பெயின்டர்கள் ஒட்டிய காகிதம் உரிக்கும்போது புதுப் பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் உருவாக்கிய மாஸ்கிங் டேப் அந்தச் சிக்கலுக்கான விடை. பத்து ஆண்டு கழித்து, 1935-இல், ஸ்டான்டன் ஏவரி தானே ஒட்டும் லேபிள்களைத் தொழிலாக்கினார். இன்றைய ஸ்டிக்கர்கள் அனைத்தும் அந்த வழியில் வந்தவையே.

இப்படிப்பட்ட பசைக்கு ஒரே ஒரு கட்டாயத் தகுதி உண்டு: போதுமான மென்மை. அதே 3எம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் டால்குவிஸ்ட் 1960-களில் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். பசை அந்த எல்லையைவிட விறைப்பாக இருந்தால், எவ்வளவு நல்ல வேதிப்பொருளால் ஆனதாக இருந்தாலும் ஒட்டாது. அந்த எல்லை ஒரு ரப்பர் பேண்டின் விறைப்பைவிடப் பல மடங்கு குறைவு. கண்ணாடி நம் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் மேல் நுண்ணிய மேடுபள்ளங்களும் தூசியும் இருக்கும். மென்மையான பசை அவற்றுக்குள் மெல்ல வழிந்து நிரம்பி, மூலக்கூறுக்கு மூலக்கூறு தொடும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று மெலிதாக ஈர்க்கும். டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸின் பெயரால் வழங்கும் ஈர்ப்பு இது. தனித்தனியே மிகப் பலவீனமானது. எண்ணிக்கையால் மட்டுமே பலம் பெறுகிறது. வழிந்து நிரம்பும் இந்த வேலை ஒட்டிய கணத்தோடு முடிவதில்லை. வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியோரம் நாள்தோறும் சூடேறச் சூடேற, பசை மேலும் மேலும் இடைவெளிகளுக்குள் இறங்குகிறது. அதே வேளையில் அதை இளக்கமாக வைத்திருக்கும் சிறு மூலக்கூறுகள் மெல்ல வெளியேறுகின்றன. நீண்ட மூலக்கூறுகள் சில ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகின்றன. பழைய ஸ்டிக்கர் புதியதைவிட முரண்டுபிடிப்பது இதனால்தான்.

இழுக்கும் உழைப்பு எங்கே போகிறது?

பசையையும் கண்ணாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லையில் மட்டும் பிரிப்பதற்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் வருகிறது. ஸ்டிக்கரை உண்மையிலேயே உரித்து அளந்தால் நூற்றுக்கணக்கான ஜூல்கள் ஆகின்றன. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசம் எங்கே போயிற்று என்பதற்கான விடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மூலையை மெதுவாகக் கிளப்பி, பிரியும் கோட்டைப் பக்கவாட்டில் உற்றுப் பாருங்கள். மெல்லிய வெள்ளை இழைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். பசைக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் தோன்றி, அவற்றுக்கிடையில் உள்ள பசை நூலாக நீள்கிறது. ஒவ்வொரு நூலும் தன் இயல்பான நீளத்தைப்போலப் பல மடங்கு இழுபட்ட பிறகே விடுகிறது. அப்படி நீட்டுவதில் செலவான ஆற்றல் மிகச் சிறு வெப்பமாக மாறி மறைந்துவிடுகிறது.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஒரே கண்ணாடியில் ஒட்டிய ஒரே வகை ஸ்டிக்கரை மெதுவாக இழுத்தால் ஒரு விசையும், வேகமாக இழுத்தால் அதைவிடப் பல மடங்கு விசையும் தேவைப்படுகின்றன. குளிர்ந்த நிலையில் ஒரு விதமாகவும் சூடான நிலையில் வேறு விதமாகவும் அது உரிகிறது. கண்ணாடியும் மாறவில்லை, பசையின் வேதியியலும் மாறவில்லை. எல்லையில் உள்ள பிடிப்புதான் முழுக் காரணம் என்றால் வேகத்தைப் பொறுத்து இவ்வளவு மாற்றம் வந்திருக்க முடியாது. மாறுவது பசை நீளும் விதம். ஆகவே நாம் பலவீனப்படுத்த வேண்டியதும் அதையே.

ஸ்டிக்கர் அறுந்துபோகக்கூடிய இடங்கள் மூன்று: கண்ணாடிக்கும் பசைக்கும் இடையே, பசையின் நடுவே, அல்லது மேலே உள்ள காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ. எது பலவீனமோ அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். பழைய ஸ்டிக்கரில் பெரும்பாலும் காகிதம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஃபாஸ்டேக்கில் இந்தக் கிழிசல் குறைபாடே அல்ல. ஒரு வண்டியிலிருந்து எடுத்து இன்னொரு வண்டியில் ஒட்ட முடியாதபடி, கழற்றினால் சிதைந்து பயனிழக்கும் வகையிலேயே அதைச் செய்கிறார்கள். நம் எரிச்சலுக்குக் காரணமான அதே பண்பு, அந்த ஸ்டிக்கரின் பூட்டும் கூட.

வேகமா, சூடா?

புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் எடுப்பதுபோல ஸ்டிக்கரையும் சடாரென்று இழுத்தால் சுத்தமாக வந்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1955-இல் வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி என்ற மூன்று அமெரிக்க வேதியியலாளர்கள், நீள்மூலக்கூறுப் பொருள்களில் காலமும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்பதைக் காட்டினார்கள். மெதுவாக இழுப்பதும் சூடாக்கி இழுப்பதும் பசைக்கு ஏறத்தாழ ஒன்றே. வேகமாக இழுப்பதும் குளிரவைத்து இழுப்பதும் ஒன்றே. வேகமாக இழுக்கும்போது பசைக்கு வழிய நேரம் கிடைக்காமல் விறைத்துக்கொள்கிறது. அப்போது அது நடுவே அறுபடாமல் கண்ணாடியை விட்டு முழுதாகப் பெயர வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்குத் தேவைப்படும் விசையைத் தாங்கும் வலு மேலுறைக்கு இருக்க வேண்டும். துணிப் பிளாஸ்திரிக்கு அது உண்டு. வெயிலில் நைந்த காகிதத்துக்கு இல்லை, சிதைவதற்கென்றே செய்த ஃபாஸ்டேக்குக்கு அறவே இல்லை.

சூடாக்கினால் பசை இன்னும் இளகிக் கண்ணாடியிலேயே தங்கிவிடாதா என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானது. தங்கும், ஓரளவு. ஆனாலும் சூடே மேல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் கட்டத்தில் நம் இலக்கு பசையை எடுப்பது அல்ல, மேலுறையை எடுப்பது. சூடான பசை குறைந்த விசையில் விட்டுக்கொடுப்பதால் மேலுறை பெரிய துண்டுகளாக வருகிறது. மேலுறை போய்விட்டால், மிச்சப் பசையை எண்ணெயிடம் ஒப்படைத்துவிடலாம். மேலுறை இருக்கும்வரை எண்ணெயால் ஒன்றும் செய்ய முடியாது. இது ஏன் என்பதில்தான் முழு உத்தியும் அடங்கியிருக்கிறது.

பலாப்பாலும் பத்து லட்சம் நிமிடமும்

பலாப்பழம் அறுப்பவர்கள் கையிலும் கத்தியிலும் முதலில் எண்ணெய் பூசிக்கொள்கிறார்கள். பலாவின் பாலில் உள்ளவை ரப்பர் வகை நீள்மூலக்கூறுகளும் பிசின்களும். தண்ணீரில் கழுவினால் அவை போகா. எண்ணெய் தொட்டால் பிடி தளரும். ஸ்டிக்கர் பசையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நீரின் மூலக்கூறுகள் தங்களுக்குள் இறுகக் கைகோத்து நிற்பவை. அந்தப் பிணைப்பை விட்டுவிட்டு, தங்களோடு ஒட்டாத பசைக்குள் அவை நுழைவதில்லை. எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை. பின்னிக்கிடக்கும் நீள்மூலக்கூறுகளுக்கு நடுவே எண்ணெய் புகுந்து அவற்றை விலக்கி வைக்கிறது. பழைய பசை வலையாகப் பிணைந்துவிட்டதால் முற்றிலும் கரைந்துபோகாது, ஊறி உப்பும். ஊறிய பசையால் நூலாக நீண்டு ஆற்றலை விழுங்க முடியாது. தேய்த்தால் உருண்டைகளாகத் திரண்டு வந்துவிடும்.

இப்படி ஒரு பொருளின் மூலக்கூறுகள் இன்னொன்றுக்குள் தாமாகப் பரவுவதை விரவல் என்பார்கள். விரவலுக்கு ஒரு கறாரான விதி உண்டு. தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. இதை ஸ்டிக்கருக்குப் பொருத்திப் பார்ப்போம். பசைப் படலத்தின் தடிமனை ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மேலுறை இல்லாத பசையின் மீது நேரடியாகப் பட்ட ஒரு மெல்லிய கரைப்பான், ஒரு நிமிடத்தில் அதன் அடிவரை போய்ச் சேர்கிறது என்றும் கொள்வோம். இப்போது அதே ஸ்டிக்கரை மேலுறையோடு விட்டு, சுற்றிலும் ஓரங்களில் மட்டும் கரைப்பானைத் தடவுகிறோம். ஓரத்திலிருந்து நடுவுக்கு இரண்டரை சென்டிமீட்டர். அது தடிமனைப்போல ஆயிரம் மடங்கு. ஆகவே நேரம் பத்து லட்சம் மடங்கு, அதாவது பத்து லட்சம் நிமிடம். ஏறத்தாழ 694 நாள், இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டிக் மேலுறையின் மீது எண்ணெயை ஊற்றிவிட்டு அரைமணி கழித்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் எண்ணெயைக் குறைகூறுவது சரியல்ல. எண்ணெய்க்கு வாசல் திறந்துவிடப்படவில்லை.

எண்ணெய்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. தேங்காயெண்ணெயின் மூலக்கூறு பெரியது, அதனால் மெதுவாகவே நுழையும். அரைமணியாவது ஊற வேண்டும். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை, விரைவாக நுழைபவை. ரப்பர் வகைப் பசைக்கு எண்ணெய் நன்றாகப் பொருந்தும். அக்ரிலிக் வகைப் பசையில் எண்ணெய் சோர்ந்துபோனால், கைகழுவும் சானிடைசரிலோ மருந்துக்கடை ஸ்பிரிட்டிலோ உள்ள ஆல்கஹால் பெரும்பாலும் அதைத் தளர்த்தும்.

ஒரு ஃபாஸ்டேக்கைக் கழற்றுவோம்

இப்போது வேலையில் இறங்கலாம். பழையதை அப்படியே விட்டுப் புதியதை அதன்மேல் ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. ஃபாஸ்டேக்குக்குள் பேட்டரி கிடையாது. சாவடியிலிருந்து வரும் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலையையே உணவாக வாங்கிப் பதில் அனுப்புகிறது ஒரு சிறிய சில்லு. அதற்கான ஆன்டெனா மெல்லிய உலோகத் தகடு. இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டி நின்றால் ஒன்றின் அலையை மற்றது கெடுக்கும். முதலில் பழைய கணக்கை வழங்கிய வங்கியிடம் முடித்துவிட வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக் என்பதை நெடுஞ்சாலை ஆணையம் 2024-இல் கட்டாயமாக்கியிருக்கிறது.

சூடேற்றுவதற்கு நம் ஊரில் மிகச் சிறந்த கருவி வெயில். முன்கண்ணாடி சூரியனைப் பார்க்க வண்டியை அரைமணி நிறுத்தினால் கண்ணாடி முழுவதும் சீராகச் சூடேறும். இந்தச் சீர்மை முக்கியமானது. கண்ணாடி வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. ஓரிடத்தில் மட்டும் சூடுபடுத்தினால் அந்த இடம் விரிய முயலும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. ஐம்பது டிகிரி வேறுபாடே கண்ணாடியில் விரிசல் ஓடப் போதுமான இழுவிசையை உண்டாக்கலாம், குறிப்பாகக் கல் பட்ட தழும்பு ஏற்கெனவே இருந்தால். ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றுவதும், வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்நீர் அடிப்பதும் இதனால்தான் ஆபத்து. முடி உலர்த்தியைப் பயன்படுத்துவதானால் ஒரு சாண் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சூடேறிய ஸ்டிக்கரின் மூலையைப் பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் கிளப்பி, மடக்கி, அவசரப்படாமல் இழுக்க வேண்டும். கிழிந்தால் பரவாயில்லை, அடுத்த ஓரத்திலிருந்து தொடங்கலாம். உலோகத் தகடும் பிளாஸ்டிக்கும் முழுதாக வந்து பசை மட்டும் மிஞ்சும்போது இந்தக் கட்டம் முடிந்தது. இனி வண்டி நிழலுக்கு வர வேண்டும், கண்ணாடி ஆற வேண்டும், கதவுகள் நான்கும் திறந்திருக்க வேண்டும். டாஷ்போர்டின் மேல் பழைய துண்டை விரித்துவிட்டு, எண்ணெயில் நனைத்த பஞ்சைப் பசையின் மேல் அப்பி விடுங்கள். செங்குத்தான கண்ணாடியில் எண்ணெய் வழிந்துவிடாமல் பிடித்து வைப்பதே பஞ்சின் வேலை. அரைமணி கழித்து அதே அட்டையால் தள்ளினால் பசை சுருண்டு வரும். வராத இடத்தில் மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. கையின் அழுத்தத்தைக் கூட்டுவதைவிட இன்னும் பத்து நிமிடம் விடுவது எப்போதும் நல்லது.

பிளேடு, பெட்ரோல், பச்சை நார்

இவ்வளவு எதற்கு, ஒரு பிளேடு போதாதா என்று மெக்கானிக்குகள் கேட்பார்கள். அவர்கள் சொல்வதிலும் பாதி சரி. பிளேடின் எஃகு கண்ணாடியை எளிதில் கீறுவதில்லை. கீறுவது பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டும் மணல். மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. கண்ணாடியைக் கழுவி, ஈரமாக வைத்து, புது பிளேடைப் படுக்கையாகச் சாய்த்து ஒரே திசையில் தள்ளினால் முன்கண்ணாடியில் அது பயன்படும். பின்கண்ணாடியில் பனிப்படலத்தைப் போக்க ஓடும் மெல்லிய சூடேற்றிக் கோடுகள் மீது பிளேடு பட்டால் அவை அறுந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எந்தக் கண்ணாடியிலும் வைக்கக் கூடாது. இவ்வகை நார்கள் பலவற்றில் அலுமினியம் ஆக்சைடுத் துகள்கள் உண்டு. கண்ணாடியைவிட மிகக் கடினமானவை. அந்தக் கீறல்கள் பகலில் தெரியா. இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கொளி பட்டதும் முழுக் கண்ணாடியும் வெளிறிப்போகும்.

பெட்ரோல் விரைவாகக் கரைக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் ஆவி உறைகுளிரிலும் தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, மூடிய காருக்குள் தரையில் தேங்கி நிற்பது. காருக்குள் அதற்கு இடமே இல்லை. மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையும் அரைகுறையானதே. ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் ஆவியும் பற்றும் நிலைக்கு வரத் தொடங்கும். வெயிலில் நின்ற காரின் உட்புறம் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். ஆல்கஹாலுக்கு அந்தச் சூடும் தேவையில்லை. முதலில் வெயில், பிறகு நிழல், அதன் பின்னரே கரைப்பான் என்ற வரிசையை மாற்றக் கூடாது என்பது இதற்காகத்தான். நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோன் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஒரு சொட்டு டாஷ்போர்டில் விழுந்தால் அங்கே பிளாஸ்டிக் உருகிய தழும்பு நிரந்தரமாகிவிடும். ஹெல்மெட்டின் முகத்திரை போன்றவை கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அவற்றில் எந்தக் கரைப்பானும் வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் விரலும் மட்டுமே.

ஊதிப் பார்த்தால் தெரியும்

பசை முழுவதும் போய்விட்டது, விரலுக்கு வழவழப்பாக இருக்கிறது. ஆனாலும் மழை நாளில் கண்ணாடி புகை படிந்ததுபோல் ஆகும்போது ஸ்டிக்கரின் வடிவம் ஆவிபோல் எழுந்து நிற்கிறது. இந்த விந்தையைப் பற்றி ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 1911-இல் எழுதியிருக்கிறார். சுத்தமான கண்ணாடியில் மூச்சின் ஈரம் ஒரே மெல்லிய படலமாகப் பரவுகிறது, அதன் வழியே பார்க்க முடியும். மூலக்கூறு அளவில் எண்ணெய்ப்பசை இருந்தாலும் அங்கே ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. பசையை எடுத்த எண்ணெய் தானே ஒரு படலத்தை விட்டுச் சென்றிருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் துடைத்து, பிறகு ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்தால் அது போகும். வாயால் ஊதிப் பார்ப்பதைவிட நுட்பமான சோதனை வீட்டில் வேறு இல்லை.

கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டிய ஸ்டிக்கர் விட்டுச்செல்லும் தழும்பு சில வேளை வேறு வகையானது. ஆண்டுக்கணக்கில் போர் தண்ணீரில் கழுவியதால் சுற்றியுள்ள கண்ணாடியில் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். ஸ்டிக்கரின் அடியில் இருந்த பகுதி மட்டும் புதிதாகவே இருக்கும். நாம் தழும்பு என்று நினைத்துத் தேய்ப்பது உண்மையில் சுத்தமான பகுதியை. இதற்கு எண்ணெய் உதவாது. சுற்றியுள்ள பகுதியை வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் சுண்ணாம்பு கரையும். அப்போதும் வேறுபாடு மறையாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றத் தெரிந்த கடையில்தான் சரிசெய்ய வேண்டும்.

கண்ணாடி நன்கு காய்ந்த பிறகே புதிய ஃபாஸ்டேக்கை ஒட்டுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்தித் தேய்த்து. பசை வழிந்து நிரம்பி முழுப் பிடிப்பை அடைய ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும். அதுவரை அந்த இடத்தில் ஈரத்துணி பட வேண்டாம்.